விழுந்த சீட்டுகளின் ஞாபகம்

சூதாடியை இலக்கியத்துக்கு நன்றாகத் தெரியும். கணக்கு வைப்பவனைத் தெரிந்திருப்பதாகத் தோன்றவில்லை. சபையில் தருமன் தோற்றுக்கொண்டே போகிறான். தோற்பதில்தான் அவனுக்கு ருசியோ என்று சந்தேகம் வரும் அளவுக்குப் போகிறான். தாஸ்தாயெவ்ஸ்கி 1866-ல், பதிப்பாளனின் கெடுவுக்குப் பயந்து, சுருக்கெழுத்துக்காரப் பெண்ணிடம் சொல்லிச் சொல்லி 26 நாட்களில் முடித்த 'சூதாடி'யிலும், சுழலும் சக்கரத்தின் முன் நிற்பவன் தன்னை இழப்பதற்காகவே வந்து நிற்கிறவன். வள்ளுவர் ஒரு அதிகாரம் ஒதுக்கி எச்சரிப்பதும் இவனைத்தான். இவன் நமக்குப் பிடித்தமானவன். இவனுடைய சரிவில் ஏதோ ஒரு உன்னதம் இருப்பதாக நம்பி, அதைச் சிலாகித்து எழுதியும் இருக்கிறோம். நான் எழுத நினைப்பது வேறொருவனைப் பற்றி. வெறி கிடையாது, அதிர்ஷ்டத்தில் நம்பிக்கை கிடையாது, ஜெயித்தால் துள்ளுவதும் தோற்றால் தலையில் கை வைப்பதும் அவனுக்கு நடிப்பு. சுருக்கமாகச் சொன்னால், அவன் ஒரு குமாஸ்தா.

நானும் ஒரு குமாஸ்தா, வங்கியில். காஸினோ என்கிற இடத்துக்குள் காலடி வைத்ததில்லை. என் சம்பளத்துக்கும் சுபாவத்துக்கும் அது நேரப்போவதும் இல்லை. திருவல்லிக்கேணி நடைபாதையில் ஒரு கவிதைத் தொகுதியைத் தேடப்போய், அது கிடைக்காமல், எட்வர்ட் தார்ப் என்ற கணிதக்காரர் எழுதிய 'பீட் த டீலர்' புத்தகத்தை வாங்கி வந்தேன். 1962-ல் முதலில் வெளிவந்தது. சூதாட்டத்தில் ஜெயிப்பது எப்படி என்று சொல்ல எழுதப்பட்ட புத்தகம்தான். ஆனால் படிக்கப் படிக்க அதில் வேறொரு விஷயம் எனக்குத் தட்டுப்பட்டது. ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பவன் அந்தத் தெரிதலை எங்கே வைத்துக்கொள்வது என்கிற விஷயம். அதற்குப் பிறகு இந்த ஆட்டத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

ஆட்டத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பிளாக்ஜாக்கில் ஆடுபவனுக்கு எதிரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அல்ல, விடுதி. ஆளுக்கு இரண்டு சீட்டு. ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் பத்து மதிப்பு. ஏஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று. வேண்டுமானால் மேலும் சீட்டு வாங்கலாம். 21-ஐத் தாண்டாமல் விடுதியின் தொகையை மிஞ்ச வேண்டும். தாண்டினால் பணம் அங்கேயே போயிற்று. விடுதிக்காகச் சீட்டுப் போடுபவர் கடைசியில்தான் தன் கையை ஆடுகிறார். அவரும் தாண்டினாலும், முன்னால் தாண்டியவனின் பணம் போனது போனதுதான். விடுதியின் சாதகம் பிரதானமாக இந்த வரிசைக் கிரமத்தில் இருக்கிறது. அவருக்குச் சுதந்திரம் கிடையாது. 16 வரை வாங்கியே ஆக வேண்டும், 17-ல் நிறுத்த வேண்டும். ஆடுபவனுக்குச் சுதந்திரம் உண்டு. பெரும்பாலோர் அதைத் தங்கள் நஷ்டத்துக்கே பயன்படுத்துகிறார்கள்.

மற்றச் சூதாட்டங்களிலிருந்து இதைப் பிரிப்பது ஒரே ஒரு குணம். சக்கரத்துக்கு ஞாபகம் இல்லை. பகடைக்கும் இல்லை. ஐந்து முறை தொடர்ந்து சிவப்பில் நின்ற சக்கரம், ஆறாவது முறை அந்த ஐந்தையும் அறியாது. சீட்டுக்கட்டு அப்படியல்ல. விழுந்த சீட்டு, மறுபடியும் கலைக்கும்வரை, திரும்பி வராது. ஆகவே கட்டுக்கு ஒரு இறந்தகாலம் இருக்கிறது. அந்த இறந்தகாலம் மிச்சத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. சின்னச் சீட்டுகள் நிறைய விழுந்துவிட்டால், மிச்சத்தில் பத்துகளும் ஏஸ்களும் கனத்து நிற்கும். ஏஸும் பத்தும் முதலிரண்டு சீட்டாகச் சேர்ந்தால், நல்ல மேஜையில் இரண்டுக்கு மூன்றாகப் பணம் கொடுப்பார்கள். அந்தச் சலுகை ஆடுபவனுக்கு மட்டும். 12-லிருந்து 16 வரை கையில் வைத்துக்கொண்டு வாங்கியே ஆகவேண்டிய விடுதியோ, பத்து வந்து தாண்டி விழும். அந்தச் சில நிமிஷங்களுக்குச் சாதகம் கட்சி மாறுகிறது. அது மாறியதை மேஜையில் இருப்பவர்களில் ஞாபகம் வைத்திருப்பவன் மட்டுமே அறிவான்.

இதைக் கண்டவர்கள் சூதாடிகள் இல்லை. அமெரிக்காவில் அபர்டீன் ராணுவத் தளத்தில் இருந்த பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டெர்மட் என்ற நான்கு பேர், மேஜைக் கணக்குப் பொறிகளைத் தட்டித் தட்டி, ஆடுபவன் எந்தக் கைக்கு என்ன செய்தால் நஷ்டம் மிகக் குறையும் என்று கணக்கிட்டு, 1956-ல் புள்ளியியல் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார்கள். அதைப் படித்த தார்ப், எம்.ஐ.டி.யில் ஐ.பி.எம். 704 கணிப்பொறியிடம், குறிப்பிட்ட சீட்டுகளை எடுத்துவிட்டால் சாதகம் என்ன ஆகிறது என்று கேட்டார். 1961 ஜனவரியில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் அறிவித்தார். புத்தகம் பரவிய பிறகு, 1964-ல் லாஸ் வேகாஸ் விடுதிகள் சில ஆட்ட விதிகளை இறுக்கின; சாதாரண ஆட்டக்காரர்கள் வருவது குறைந்ததும் சில வாரங்களிலேயே பழைய விதிகளுக்குத் திரும்பின. இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். புத்தகத்தைப் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு அதைக் கொண்டு ஜெயிக்கும் பொறுமை இல்லை. ஜெயிக்க முடியும் என்ற வதந்தி மட்டும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அறிவைவிட அறிவின் வதந்தி விடுதிக்கு லாபகரமானது. இலக்கியத்தில் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

எண்ணுவது கஷ்டமான காரியமே இல்லை. எல்லாச் சீட்டையும் மனப்பாடம் செய்யும் அபூர்வ மூளை வேண்டும் என்பது சினிமாக்காரர்களின் கற்பனை. பரவலாக இருக்கும் முறையில் 2 முதல் 6 வரை எது விழுந்தாலும் ஒன்று கூட்ட வேண்டும். பத்து மதிப்புள்ளவையும் ஏஸும் விழுந்தால் ஒன்று கழிக்க வேண்டும். 7, 8, 9 பூஜ்யம். முழுக்கட்டையும் எண்ணி முடித்தால் பூஜ்யத்தில் வந்து நிற்கும். நம் வங்கிப் பேரேடு மாலையில் வந்து நிற்பதைப் போல. ஓடும் கணக்கை, இன்னும் எத்தனை கட்டு மிச்சமோ அதால் வகுக்க வேண்டும். கணக்கு ஆறாகி, மூன்று கட்டு மிச்சம் என்றால் உண்மைக் கணக்கு இரண்டு. ஒரு கட்டு மிச்சமென்றால் ஆறு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறக்குறைய அரை சதவீதச் சாதகம் ஆடுபவன் பக்கம் நகர்கிறது. ஆரம்பத்தில், சரியாக ஆடுபவனுக்கு எதிராக விடுதியின் சாதகமும் கிட்டத்தட்ட அரை சதவீதம்தான். ஆக, ஒரு புள்ளியில் சமன். அதற்கு மேல் அவன் கை ஓங்குகிறது. இரவுகளில் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று வாரத்தில் அரை நிமிஷத்துக்குள் ஒரு கட்டு முடிந்தது. ரொக்கப் பிரிவில் உட்கார்ந்து, எதிரே நிற்பவரின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே நோட்டு எண்ணியவனுக்கு இது ஒன்றும் பிரமாதமில்லை. என் மனைவி மட்டும், "யாரோட ஆடறீங்க?" என்று கேட்டாள். விளக்கம் சொல்வது சிரமமாக இருந்தது.

சிரமமெல்லாம் எண்ணிய பிறகு. முதலில், அந்த எண்ணுக்கு மதிப்பிருக்கும் மேஜை கிடைக்க வேண்டும். எத்தனை கட்டு சேர்த்து ஆடுகிறார்கள், எத்தனை ஆழம் வரை சீட்டுப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆறு கட்டில் ஒன்றரைக் கட்டை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை ஆடினால் உட்காரலாம். மூன்று கட்டை ஒதுக்கினால், ஞாபகம் கனியும் முன்பே கலைத்துவிடுகிறார்கள்; அங்கே எண்ணுவது வீண். ஏஸும் பத்தும் சேர்ந்த கைக்கு இரண்டுக்கு மூன்று என்பதற்குப் பதிலாக ஐந்துக்கு ஆறு கொடுக்கும் மேஜைகள் இருக்கின்றன. கேட்க அற்ப வித்தியாசம். அந்த அற்பம் ஒன்றே விடுதிக்கு ஏறக்குறைய 1.4 சதவீதம் கூட்டிக் கொடுக்கிறது. எண்ணுபவன் பாடுபட்டுச் சம்பாதிக்கும் சாதகத்தை விழுங்க அது போதும். அவனுடைய சாதகம் மொத்தத்தில் ஒரு சதவீதம் என்ற அளவுக்கு மேல் எழும்புவது அபூர்வம். நூறு கைகளில் எதிர்பார்க்கும் லாபம் சுமார் ஒரு பந்தயத் தொகை என்றால், அதே நூறு கைகளில் ஏற்ற இறக்கத்தின் வீச்சு சுமார் பதினொரு பந்தயத் தொகை. அதாவது, சரியாக எண்ணி, சரியாக ஆடி, வாரக்கணக்கில் தோற்றுக்கொண்டிருக்க முடியும். தான் சரி என்பதற்கு எந்த ஒரு மாலையும் அவனுக்குச் சாட்சி சொல்லாது.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டவனுக்கு இன்னொன்று பாக்கி இருக்கிறது. அவன் பிடிபடக் கூடாது. மேஜைக்குப் பின்னால் மேற்பார்வையாளர் நிற்கிறார். கூரையில் காமிரா இருக்கிறது. எண்ணுபவர்களைப் பிடிக்க 1967-ல் கிரிஃபின் என்பவர் ஒரு துப்பறியும் நிறுவனம் தொடங்கி, முகங்களின் ஆல்பம் ஒன்றை விடுதிகளுக்குக் கொடுத்துவந்தார். ஆகவே எண்ணுபவன் உதட்டை அசைக்காமல் எண்ணப் பழகுகிறான். பரிமாறும் பெண்ணோடு அரட்டை, குடித்ததுபோல் ஒரு தள்ளாட்டம், எந்த ஊர், என்ன வியாபாரம் என்று ஒரு கதை. இயான் ஆண்டர்சன் என்ற புனைபெயரில் ஒருவர் இந்த நடிப்பைப் பற்றியே 1976-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஆனால் இத்தனை அலங்காரமும் சுற்றிவளைத்த காரியம். மேற்பார்வையாளர் அனுபவஸ்தராக இருந்தால் முகத்தைப் பார்ப்பதில்லை. பந்தயத்தைப் பார்க்கிறார். சாதகம் இல்லாதபோது பத்து டாலர், சாதகம் வந்ததும் நூறு டாலர் வைக்கிறானா? வைத்தால் இவனுக்குத் தெரிந்திருக்கிறது. வைக்காவிட்டால்? வைக்காவிட்டால் இவனுக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை. எதைக் காட்டினால் பிடிபடுவானோ, அதைக் காட்டினால் மட்டுமே அவன் எண்ணியதற்கு அர்த்தம் உண்டு.

இந்த இடத்தில்தான் இது எனக்குச் சூதாட்டமாகத் தெரியாமல் போயிற்று. ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு செலவு இருக்கிறது. சந்தேகத்தைத் தணிக்க வேண்டுமென்றே தப்பாக ஒரு கை ஆடினால் அது அந்த ஒரு சதவீதத்திலிருந்து கழிகிறது. கணக்கு ஏறியும் பந்தயத்தை ஏற்றாமல் விட்டால் கழிகிறது. எப்போதும் ஒரே தொகையை வைத்துக்கொண்டிருந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். சிரித்த முகத்தோடு காப்பி கொடுப்பார்கள். அவன் மெதுவாகத் தோற்றுக்கொண்டிருப்பான். முற்றிலும் பத்திரமான எண்ணுபவன் எண்ணாதவனேதான்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் ஆல் ஃபிரான்செஸ்கோ என்பவர் இதற்கு ஒரு தந்திரம் கண்டார். ஒரு ஆளையே இரண்டாகப் பிரித்துவிட்டார். பல மேஜைகளில் ஆட்கள் உட்கார்ந்து சின்னத் தொகையை மாற்றாமல் வைத்து எண்ணிக்கொண்டிருப்பார்கள். சாதகம் வந்ததும் ரகசியமாக ஜாடை. பெரும்பணக்காரனைப்போல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒருவன் வந்து, எதையும் பார்க்காதவன்போல் உட்கார்ந்து, ஒரேயடியாகப் பெருந்தொகை வைப்பான். தெரிந்தவன் வைப்பதில்லை; வைப்பவன் எண்ணியதில்லை. நன்றாகவே வேலை செய்தது. பசிபிக் பங்குச் சந்தையில் உயர் பதவியில் இருந்துகொண்டு இந்தக் கோஷ்டியில் சேர்ந்த கென் அஸ்டன், 1977-ல் இதையெல்லாம் புத்தகமாக எழுதிப் போட்டுவிட்டார்.

மறைப்பவனை அவனுடைய எண்களே காட்டிக்கொடுக்கும் என்பதை நான் வேறு விதத்தில் பார்த்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷங்களில், ஒரே நாளில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கட்டினால் பான் எண் கேட்பது விதி. விதியைத் தெரிந்துகொண்ட சிலர் நாற்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு கட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் நாற்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. முகம் சாதாரணமாக இருக்கும். வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். சலானில் அந்தத் தொகை மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒளிந்துகொள்ளத் தேர்ந்த எண்ணே ஒளிவதைச் சொல்லிவிடுகிறது. எண்ணுபவனுடைய தொழில் இவர்களுடையதைவிடக் கௌரவமானது. ஆனால் சிக்கல் ஒன்றுதான்.

கௌரவமானது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்ணுபவன் சீட்டில் குறி வைப்பதில்லை, கைமாற்றுவதில்லை. எல்லோர் முன்னாலும் விழுந்ததைப் பார்க்கிறான், மறக்காமல் இருக்கிறான். நெவாடா 1985-ல் சட்டம் போட்டுத் தடுத்தது எண்ண உதவும் கருவிகளைத்தான்; மண்டையால் எண்ணுவது அங்கே குற்றமில்லை. குற்றமில்லாததால் தண்டிக்க முடியாது, ஆனால் இடம் எங்களுடையது என்று விடுதி வெளியே அனுப்பிவிடலாம். மரியாதையாகவே சொல்வார்கள்: வேறு எந்த ஆட்டம் வேண்டுமானாலும் ஆடுங்கள், பிளாக்ஜாக் மட்டும் வேண்டாம். தோற்கக்கூடிய எல்லா ஆட்டத்துக்கும் அவன் விருந்தாளி. நம் ஊரில் இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்திருக்கிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடிய வழக்கில், 1967-ல் உச்ச நீதிமன்றம், மூணு சீட்டைப்போல ரம்மி வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை, திறமையே அதில் மேலோங்கி நிற்கிறது என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது, விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது. ஒரே ஞாபகம், இங்கே அது ஆட்டத்தைச் சூதிலிருந்து மீட்கிறது, அங்கே ஆளை மேஜையிலிருந்து எழுப்புகிறது. ஞாபகத்தால் யாருடைய பணம் குறைகிறது என்பதில்தான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

பாரதக்காரன் இதையெல்லாம் யோசித்திருக்கிறான். நளன் கதையில் ருதுபர்ணன், ஓடும் தேரிலிருந்தே ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் எண்ணிச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி, இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. தான்றிக் காயே அந்தக் காலத்துப் பகடை. அந்த எண்ணும் வித்தையை நளன் கற்றதும் அவனைப் பிடித்திருந்த கலி வெளியேறுகிறது. எண்ணத் தெரியாததுதான் பீடை என்று ஒரு கதைக்காரன் அத்தனை காலத்துக்கு முன்னால் சொல்லியிருப்பது என்னைத் திடுக்கிட வைத்தது. வனத்தில் இந்தக் கதையைத் தருமனுக்குச் சொன்ன முனிவர், முடிவில் அந்த வித்தையையே அவனுக்குக் கற்றுக் கொடுக்கிறார். அடுத்ததாக அவனை நாம் விராடனின் சபையில் பார்க்கிறோம். பகடை ஆடும் கங்கன் என்று பெயரை மாற்றிக்கொண்டு, அடையாளம் தெரியாமல் இருக்க வேண்டிய வருஷத்தில். வித்தை தெரிந்த பிறகு வேஷம். வரிசை எவ்வளவு சரியாக இருக்கிறது! அந்த வேஷத்திலேயே ஒரு நாள், போரை ஜெயித்தது தன் மகன் என்று விராடன் பூரிக்கும்போது, பிருகந்நளை கூடப் போனதால் ஜெயித்தான் என்று கங்கன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். ராஜா கையிலிருந்த பகடையை அவன் முகத்தில் எறிகிறான், மூக்கிலிருந்து ரத்தம். தலையை ஆட்டிவிட்டு அடுத்த காயை உருட்டியிருக்கலாம். கங்கனுக்கு அது முடியவில்லை.

நவீன காலத்தில் கென் அஸ்டனுக்கும் அது முடியாமல் போன ஒரு கட்டம் வந்தது. விதவிதமான வேஷங்களில் ஆடியவர். அட்லான்டிக் சிட்டியில் 1978-ல் முதல் காஸினோவாகத் திறந்த ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல், 1979-ல் அவரை வெளியே அனுப்பியது. அவர் மீசையை மாற்றிக்கொண்டு திரும்பிப் போவதற்குப் பதில் வழக்குப் போட்டார். 1982-ல் நியூ ஜெர்ஸி உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரை வெளியேற்றும் அதிகாரம் விடுதிக்குக் கிடையாது, அப்படி விதி செய்வதானால் அரசின் காஸினோ ஆணையம்தான் செய்ய வேண்டும். ஆணையம் அவரைத் தள்ளிவைக்கும் விதியைச் செய்யவில்லை. எண்ணுபவன் இனி தன் முகத்தோடு உட்காரலாம். நியாயம் ஜெயித்ததாகக் கதையை இங்கே முடித்துவிட முடியாது. விடுதிகள் எட்டுக் கட்டுகளைச் சேர்த்துப் போட்டன. சந்தேகப்பட்டால் பாதியிலேயே கலைத்துவிடும் அனுமதி அவர்களுக்குக் கிடைத்தது. உட்காரும் உரிமை வந்தது. உட்கார்ந்து என்ன பயன் என்ற நிலையும் கூடவே வந்தது. அஸ்டன் 1987-ல் பாரிஸில் காலமானார். அதற்குப் பிறகு வந்த யந்திரங்கள் விழுந்த சீட்டை விழுந்த உடனே உள்ளே வாங்கி, ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கின்றன. அங்கே சீட்டுக்கட்டும் சக்கரத்தைப்போல ஆகிவிட்டது. நேற்று என்று ஒன்று இல்லை.

ஆக, ஞாபகம் வைத்திருப்பவனை எதிர்கொள்ள ஸ்தாபனத்திடம் இரண்டு வழிகள் இருக்கின்றன. அவனை வெளியே அனுப்புவது ஒன்று. அவன் ஞாபகத்துக்கு வேலையில்லாமல் கலைத்துக்கொண்டே இருப்பது இன்னொன்று. முதலாவதில் அவனுக்குக் கொஞ்சம் மரியாதையாவது இருக்கிறது. நம் சூழலைப் பார்க்கும்போது இரண்டாவதே பழக்கம் என்று தோன்றுகிறது. இங்கே யாரும் விமர்சகனை அடித்துத் துரத்துவதில்லை. வாரம் ஒரு மகத்தான நாவல், மாதம் ஒரு யுகக் கவிஞன் என்று எட்டுக் கட்டு சேர்த்துக் கலைக்கிறார்கள். போன வருஷம் மகத்தானது என்று சொன்னது எங்கே என்று கேட்பவனுக்கு விரோதி பட்டம்கூடக் கிடைப்பதில்லை. கேள்வியின்மேல் அடுத்த சீட்டு விழுந்துவிடுகிறது. விமர்சகனுடைய மூலதனம் ரசனை, கோட்பாடு என்றெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். அடிப்படையில் அவன் விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைத்திருப்பவன். எந்தப் படிமம் யார் கையில் உயிரோடு இருந்தது, எந்த வாக்கியம் முன்பே எழுதப்பட்டுவிட்டது, இந்தக் கவிஞன் எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறான் என்பது அவனுக்கு மறக்காமல் இருக்க வேண்டும். அப்புறம், இடம் வந்தால், பந்தயத்தை உயர்த்த வேண்டும். வருகிற புத்தகத்துக்கெல்லாம் ஒரே அளவு பாராட்டும், கடைசிப் பத்தியில் ஒரே அளவு குறையும் வைத்து எழுதுபவர்களுக்கு எல்லா மேஜையிலும் காப்பி கிடைக்கிறது. அவர்களை யாரும் ஒருபோதும் பிடிக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் முதல் கட்டுரையைத் தன் பத்திரிகையில் போட்டவர், அச்சுப்பிழை திருத்த எனக்குக் கற்றுக்கொடுத்தவர், ஒரு மூத்த கவிஞர். பத்து வருஷ மௌனத்துக்குப் பிறகு அவருடைய தொகுதி வந்திருக்கிறது. நன்றாக இல்லை. தன்னுடைய பழைய வரிகளின் நிழலில் உட்கார்ந்து அவரே தன்னைப் பிரதி எடுக்கிறார். மதிப்புரைக்காகப் புத்தகம் என்னிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் இருவரும் மதிக்கிற ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, அவருக்கும் வயசாச்சு. கொஞ்சம் அடக்கி வாசிங்க. நாலு பக்கத்துல ஒரு பக்கம் குறை சொன்னா போதும்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த நாலில் ஒன்று எனக்கு நாற்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறாகக் கேட்டது.

அப்படி எழுதினால் ஒன்றும் ஆகிவிடாது. கவிஞர் வருத்தப்படமாட்டார், ஆசிரியர் சந்தோஷப்படுவார், நம்முடைய இருநூறு வாசகர்களில் நாலைந்து பேர் நான் எங்கே அடக்கினேன் என்று கண்டுகொண்டு, கண்டுகொண்டதை வெளியே சொல்லமாட்டார்கள். இன்னொரு பக்கம், அவரை நிராகரித்து எழுதுவதில் ஒரு வீரம் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. எண்ணுபவன் வீரன் இல்லை. கணக்கு ஏறியிருக்கிறது, ஆகவே வைக்கிறான். அன்றைக்கே தோற்கவும் கூடும். என் தீர்ப்பு தப்பு என்று பத்து வருஷம் கழித்து யாராவது காட்டலாம். ஏற்ற இறக்கம் பதினொன்று, சாதகம் ஒன்று. அந்த ஒன்றுக்காக வைக்கிறோமா இல்லையா என்பதற்கு மேல் இதில் பெரிதாக எதுவுமில்லை.

மதிப்புரையை அடுத்த இதழுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருடைய முதல் தொகுதியில் பதினேழு கவிதைகள் எனக்கு மனப்பாடம். ரொக்கப் பிரிவில் கூட்டமில்லாத மத்தியானங்களில் அவற்றை உதடு அசையாமல் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். இந்தப் புதிய தொகுதிக்கு முன்னால், அவற்றை மறந்துவிட்டவனைப்போல் நடிக்க என்னால் ஆகாது.